கூரைத் தகரத்தைத் தின்றது யார்?



ஊட்டிக்கோ குன்னூருக்கோ போயிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடுகள் நிறையத் தெரியும். தகரம் என்று நாம் சொல்லும் அந்த ஜி.ஐ. ஷீட், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு.

நீலகிரியில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், சத்துணவுக் கூடத்தின் கூரைத் தகடு ஒன்று காற்றில் படபடவென்று அடித்தது. கைக்குக் கிடைத்த செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். 'செம்பு துருப்பிடிக்காது, இனிக் கவலை இல்லை' என்று இருந்துவிட்டோம்.

மூன்றாவது மழைக்காலம். ஒரு நாள் இரவு அடித்த காற்றில் அந்தத் தகடு பிய்த்துக்கொண்டு போய் விளையாட்டுத் திடலில் விழுந்தது. பகலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! காலையில் பார்த்தோம். கம்பி அப்படியே இருந்தது. கம்பி தொட்ட இடத்தில் மட்டும் தகடு துருவாகி உதிர்ந்திருந்தது.

ஏன் தெரியுமா? துத்தநாகமும் இரும்பும் தம்மிடம் உள்ள எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும். செம்பு அப்படிக் கொடுக்காது. இப்படி வேறுபட்ட இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, மேலே ஈரமும் இருந்தால் போதும். எலக்ட்ரான்கள் செம்பை நோக்கி ஓடும். கொடுக்கும் உலோகம் கரைந்துகொண்டே போகும். 1800ஆம் ஆண்டில் வோல்டா என்ற இத்தாலிய அறிஞர் மின்கலம் செய்ததும் இந்த முறையில்தான். மழையும் பனிமூட்டமும் உள்ள மலையில், எங்கள் கூரையே ஒரு மின்கலம் ஆகிவிட்டது! இதற்கு 'கால்வனிக் அரிப்பு' என்று பெயர்.

இதே குணம் நமக்கு நன்மையும் செய்கிறது. தகட்டில் கீறல் விழுந்தால், பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதற்காகத்தான் அதைப் பூசுகிறார்கள்.

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலைக்கும் இந்த ஆபத்து வந்தது. 1886இல் திறக்கப்பட்ட அந்தச் சிலைக்கு வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடாதிருக்க, அரக்கில் நனைத்த கல்நாரை நடுவில் வைத்தார்கள். நாளடைவில் அது கெட்டுப்போனது. இரும்பு துருப்பிடித்து உப்பியது. 1986இல் முடிந்த சீரமைப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினார்கள்.

நம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிறார்கள்.

தடுப்பது எப்படி?

1. தகட்டில் பூசிய உலோகமே பூசிய போல்ட்டையும் கம்பியையும் பயன்படுத்த வேண்டும்.

2. வேறு உலோகம்தான் என்றால், நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் வைக்க வேண்டும்.

3. பெயின்ட் அடித்து, இணைப்பில் தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்!

மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேயுங்கள். ஒன்றில் செம்புக் கம்பியையும், இன்னொன்றில் ஜி.ஐ. கம்பியையும் சுற்றுங்கள். மூன்றாவது சும்மா இருக்கட்டும். தனித்தனி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஆணிகளைப் போட்டு, ஒரு வாரம் கவனியுங்கள். எது அதிகம் துருப்பிடிக்கிறது? எது தப்பிக்கிறது?

பிறகு உங்கள் பள்ளிக் கூரையையும் கீழே நின்றபடியே ஒரு முறை பாருங்கள். செம்புக் கம்பி கண்ணில் பட்டால் ஏறிவிடாதீர்கள். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்!