களத்துமேட்டுக் கணக்கு – 9: கிட்டங்கிக்குள் நுழையும் அதிகாரம்

நாளிதழ்களில் வாராவாரம் வரும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ உளுந்து, துவரை, வத்தல், மல்லி எல்லாவற்றுக்கும் விலை சொல்கிறது. அந்த விலையில் எவ்வளவு கரிசல்காட்டுச் சம்சாரியின் கைக்கு வந்தது என்று வியாபாரியின் கணக்கேட்டைப் புரட்டிக் கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டா? உண்டு. தொண்ணூறு ஆண்டுகளாக உண்டு.

1928-இல் லின்லித்கோ தலைமையிலான அரச வேளாண் ஆணையம், கள்ள எடையையும் கண்டபடி பிடிக்கும் கழிவையும் பட்டியலிட்டது. 1933-இல் சென்னை மாகாணம் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறது என்று வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அருணாசல நாடார் வழக்கில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு, விளைவிப்பவரைக் காக்கும் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்றது.

இன்று நடப்பில் இருப்பது வேளாண் விளைபொருள் விற்பனைக்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிக்கை செய்யப்பட்ட விளைபொருளை வாங்குபவர் உரிமம் பெற வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். ‘செஸ்’ எனப்படும் சந்தைக் கட்டணமும் அவர் பொறுப்பு. 100 ரூபாய்க்கு 1 ரூபாய் என்பது நெடுநாள் வழக்கு. விற்பனைக்குழு அதிகாரிகள் கணக்கைக் கேட்கலாம், கிட்டங்கிக்குள் நுழைந்து சரக்கைப் பார்க்கலாம், தேவைப்பட்டால் ஏடுகளைக் கைப்பற்றலாம். தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை.

இவ்வளவு அதிகாரமும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குச் செலவாகிறது: “செஸ் கட்டியாச்சா?” சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் களத்திலேயே மக்காச்சோளத்தை விற்கும் சம்சாரியின் கேள்வி வேறு. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று மூட்டைக்கு மூட்டை கழிக்கிறார்களே, அதை யார் கேட்பது? தராசுக்கு முத்திரை உண்டா என்று பார்ப்பது தொழிலாளர் துறை. தராசு சரியாகவே இருக்கும். எடை போட்ட பிறகு பிடிக்கும் கழிவுதான் விற்பனைக்குழுவுக்கும் தொழிலாளர் துறைக்கும் நடுவே நழுவுகிறது.

வானம் பொய்த்தால் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இவை. 2012-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு ஆய்வுக் குழுக்கள் ஓடி வந்தன. களத்துமேட்டு இழப்புக்குச் சத்தம் கிடையாது. அதனால் குழுவும் வருவதில்லை.

விருதுநகர் வணிகர்களுக்குக் கணக்கின் அருமை தெரியும். வியாபாரத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று பொதுக்காரியத்துக்குப் பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்ததால் மகமை நிலைத்தது. செஸ் மீதும் அந்த நம்பிக்கை வர வேண்டுமானால், அதை வசூலிக்கும் கை சம்சாரிக்காகவும் நீள வேண்டும்.

நான் கேட்பது இதுதான்: மொத்த எடை, கழிவு, நிகர எடை, விலை நான்கும் எழுதிய சீட்டு ஒவ்வொரு கொள்முதலுக்கும் களத்திலேயே சம்சாரி கையில் கொடுக்கப்பட வேண்டும். அதிகாரியின் ஆய்வு அந்தச் சீட்டிலிருந்து தொடங்கி, கிட்டங்கிக் கணக்கேட்டில் போய் முடிய வேண்டும்.

(தொடரும்)