படகுத்துறையும் பள்ளிக்கூடமும்



தமிழ்நாட்டுச் சிற்றூர் மாணவனிடம் பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கேட்டால், இத்தனை கிலோமீட்டர் என்பான். பம்பூபிளாட்டிலிருந்து வரும் மாணவி படகு நேரத்தைச் சொல்வாள். சாத்தம் துறைக்கும் பம்பூபிளாட்டுக்கும் இடையே கடல்வழிப் பயணம் அரைமணிக்கும் குறைவு. சாலைவழியோ நெடிய சுற்று. ஆதலால் அக்கரையில் வாழ்வோர் பலர் படிப்புக்கும் பணிக்கும் நாள்தோறும் படகேறி ஸ்ரீவிஜயபுரம் (போர்ட் பிளேயர்) வருகின்றனர். புயற்காற்றால் படகு நின்றுவிட்டால் அன்றைய பாடம் போய்விடும். நாட்கூலி பெறுவோர்க்கு அன்றைய வருவாயும் போய்விடும்.

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 31 எனக் கணக்கிட்டுள்ளனர். சிறிய தீவிலும் தொடக்கப்பள்ளி ஒன்றை நடத்திவிடலாம். கல்லூரியை அவ்வாறு தீவுதோறும் அமைத்தல் அரிது. ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தலைநகரில் தொடங்கப்பட்டது. வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990இல் தோன்றியது. அதற்கு முன் டிக்ளிப்பூர் மாணவர் பட்டம் பெற விரும்பினால், ஊரை விட்டு வந்து தங்கவேண்டியிருந்தது. இன்றும் தென்கோடியில், கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல்பேயில் வாழும் மாணவர் தலைநகரக் கல்லூரியில் சேர 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடக்கவேண்டும். கல்விக் கட்டணம் குறைவாக இருப்பினும், தங்குமிடம், உணவு, விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் செலவு ஆகியவை அதனை விஞ்சிவிடும். பிள்ளைகளுள் ஒருவரைத்தான் அனுப்ப இயலும் என்னும் நிலை வந்தால், வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண்ணாக இருக்கக்கூடும் என்பதே என் கவலை.

வருவாய்க்கும் துறைக்கும் உள்ள உறவை ஷஹீத் துவீப்பில் (நீல் தீவு) காணலாம். அங்கு விளையும் காய்கறி தலைநகரச் சந்தைக்குப் படகில்தான் வரவேண்டும். படகு தவறினால் காய் வாடும்; விலை வீழும். டிக்ளிப்பூரின் நெல்லுக்கு அவ்வளவு அவசரமில்லை. அவ்வூர் ஆரஞ்சுக்கு உண்டு. நல்ல விலை கிடைத்த ஆண்டில் உழவர் வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்குப் புறப்படுவது எளிதாகிறது.

உங்கள் குடும்பங்கள் இங்கு வந்ததும் இத்தகைய பயணத்தால்தான். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருள் சிலர், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். உங்கள் வீட்டு முதியோர் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தனர் என்பதைக் கேட்டுப் பயிற்சியேட்டில் எழுதுங்கள்.

கப்பலையே நம்பியிருந்த நிலையை ஓரளவு மாற்றியது அந்தமான் நெடுஞ்சாலை. தலைநகரையும் டிக்ளிப்பூரையும் இணைக்கும் இச்சாலை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளமுடையது. 2002இல் திறக்கப்பட்ட செங்கப்பா பாலம் மத்திய அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைத்தது. பின்னர், பாராடாங்கை அடுத்த ஹம்ஃப்ரி நீரிணையின் மீது ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் எழுந்தது.

ஆயினும் இச்சாலைக்கு வேறொரு கணக்கும் உண்டு. 1970களில் பணி நடந்த காடு ஜாரவா மக்களுடையது; சாலை வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. வெளியார் தொடர்பு பெருகிய பின்னர், 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சாலையின் சில பகுதிகளை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாகனங்கள் இன்றும் ஓடுகின்றன; ஆனால் குறித்த நேரத்தில், காவலருடன் அணியாக மட்டுமே அக்காட்டைக் கடக்கலாம். நமக்குப் பள்ளியையும் சந்தையையும் அருகில் கொணர்ந்த சாலை அவர்களுக்கு நோயைக் கொணர்ந்தது.

சாலை வந்தால் படிப்பு வளருமா? பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கப்பட்டது. அதனால் சாலை பெற்ற சிற்றூர்களைப் பொருளியலறிஞர் ஆராய்ந்தபோது, நடுநிலை வகுப்புகளில் மாணவர் சேர்க்கை சுமார் 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. எனினும் பயிற்சி வேண்டாத கூலிவேலைக்கு நல்ல ஊதியம் கிடைக்கும் இடங்களில் அவ்வுயர்வு குறைவு. கைக்கு எட்டும் கூலி சிறுவனைப் பள்ளியிலிருந்து இழுத்துவிடுகிறது. மற்றோர் ஆய்வின்படி, சாலை வந்தபின் பலர் உழவை விட்டு வேறு வேலைக்குச் சென்றனர். ஆனால் வீட்டு வருவாய் அவ்வளவாக உயரவில்லை. சுற்றுலா வளரும் தீவுகளில் வாழும் நாம் இதனைக் கூர்ந்து நோக்கவேண்டும்.

10.8.2020 அன்று சென்னையிலிருந்து நம் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழைவடம் செயற்பாட்டுக்கு வந்தது. தலைநகரோடு ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களும் இணைந்தன. அதுவரை செயற்கைக்கோளை நம்பி மெல்ல ஊர்ந்த இணையம் விரைவு பெற்றது. இன்று பாடக்காணொளியும் கல்லூரி விண்ணப்பமும் கேம்ப்பெல்பே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. வேதியியல் ஆய்வுக்கூடம் அவ்வாறு வாராது. அதற்கு அம்மாணவி கப்பலில் ஏறவேண்டும்.