திண்டுக்கல் தண்ணி: பல்லுல ஆரம்பிச்சு கோர்ட் வரைக்கும்

இன்னைக்கு எபிசோட் பல்கலைக்கழக ஆராய்ச்சி பற்றி. உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. பிளாக் ஹோல், ஏ.ஐ. எதுவும் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணிதான் விஷயம். அதை மருத்துவம் ஒரு மாதிரி பார்க்குது, வேதியியல் வேற மாதிரி பார்க்குது, பள்ளிக்கூடம் இன்னொரு மாதிரி பார்க்குது. மூணு பேருக்கும் கிடைக்கிற விடை வேற. அந்த விடை ஊருக்குத் திரும்பி வருதாங்கறதுதான் எனக்கு இருக்கற கேள்வி.

இடம் எங்க ஊர்ப்பக்கம். திண்டுக்கல்லில் இருந்து மதுரை போற ரோட்டுல, சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. 2022 நவம்பர்ல இளையராஜாவுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தாங்களே, அந்த இடம்தான். பலருக்கு அந்த வீடியோவோட சரி. ஆனா கதை 1947-ல தொடங்குது. டி.வி.எஸ். குடும்பத்துல பிறந்து, டெல்லியில மருத்துவம் படிச்ச டாக்டர் சௌந்தரமும், அவங்க கணவர் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஆரம்பிச்சாங்க. சின்னாளப்பட்டியில சின்னதா தொடங்கின மருத்துவ வேலைதான் பிற்பாடு கஸ்தூரிபா மருத்துவமனையா வளர்ந்துச்சு. 1956-ல கிராமியக் கல்வி நிறுவனம், 1976-ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான ஆள் இருக்கார். சுதந்திரம் வந்ததும் 1948-ல ராதாகிருஷ்ணன் தலைமையில பல்கலைக்கழகக் கல்விக் குழு போட்டாங்க. அதுல ஆர்தர் மார்கன்னு ஒரு அமெரிக்கர் உறுப்பினர். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தோட முதல் தலைவரா இருந்தவர், தொழில்ல வெள்ளத் தடுப்பு இன்ஜினியர். கிராமத்துக்குன்னு தனியா பல்கலைக்கழகம் வேணும்ங்கிற யோசனையை அந்தக் குழுவுல அழுத்திச் சொன்னவர் அவர்தான். தண்ணி இன்ஜினியர் ஒருத்தர் போட்ட விதை, தண்ணிக்கு அலையற மாவட்டத்துல முளைச்சிருக்கு.

சரி, டம்ளருக்கு வருவோம்.

எங்க மாவட்டத்து சமவெளியில நிறைய இடத்துல ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். ஆய்வுக் கட்டுரைகள்ல அடிக்கடி வர்ற பேர் நிலக்கோட்டை ஒன்றியம். காரணம் எந்த ஃபேக்டரியும் இல்ல, கீழே இருக்கற பாறை. இது கடினப்பாறைப் பகுதி. பாறையில இருக்கற சில தாதுக்கள்ல ஃப்ளோரைடு கலந்திருக்கு. தண்ணி எவ்வளவு நாள் அந்தப் பாறையோட விரிசல்ல கிடக்குதோ, அவ்வளவு ஃப்ளோரைடு கரைஞ்சு வரும். காரத்தன்மை கூடி, கால்சியம் குறைவா இருந்தா இன்னும் ஜாஸ்தி கரையும். மழை பொய்ச்சு, 'இன்னும் நூறு அடி இறக்குங்க'ன்னு போர் போடறோமே, அப்ப நாம தேடிப் போறது பெரும்பாலும் அந்தப் பழைய தண்ணியைத்தான்.

முதல்ல மருத்துவம். நம்ம பல்லோட எனாமல் ஹைட்ராக்ஸிஅபடைட்ங்கற கால்சியம் பாஸ்பேட் படிகத்தால ஆனது. அந்தப் படிகத்துல ஹைட்ராக்ஸில் உட்கார்ந்திருக்கற சீட்ல ஃப்ளோரைடு வந்து உட்காரும். கொஞ்சமா வந்தா நல்லது, பல் உறுதியாகும். டூத் பேஸ்ட்ல ஃப்ளோரைடு போடறதே அதுக்குத்தான். ஆனா குழந்தைக்கு நிரந்தரப் பல் உள்ளுக்குள்ள உருவாகிட்டு இருக்கற வயசுல, அதாவது ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும், அளவுக்கு மீறிப் போனா எனாமல் சரியா இறுகாம நுண்ணிய துளைகளோட வளரும். முதல்ல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்புக் கறை. இன்னும் அதிகமான அளவுல வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு, மூட்டு வரைக்கும் போகும். கழுத்தும் முதுகும் விறைச்சுக்கும்.

கறை பட்ட பல்லை எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, என் கூடப் படிச்சதுல ரெண்டு மூணு பேர் போட்டோ எடுக்கும்போது வாயை மூடித்தான் சிரிப்பாங்க. 'பல்லு விளக்கறதில்லையா?'ன்னு வாத்தியாரே கிளாஸ்ல கேட்டிருக்கார். காலேஜ் இன்டர்வியூ வரைக்கும் அந்தக் கூச்சம் கூடவே வந்துச்சு. பாறை பண்ணின வேலைக்குப் பையன் திட்டு வாங்கினான்.

நம்ம ஊர்ல இது புதுசும் இல்ல. 1937-லயே, அன்னைக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர் மாவட்டத்துல இந்த நோயை அடையாளம் கண்டு ஷார்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் கட்டுரை எழுதியிருக்காங்க. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1931-ல, அமெரிக்காவுல மக்களோட பல் கறைக்குக் காரணம் ஃப்ளோரைடுதான்னு கண்டுபிடிச்சது ஒரு அலுமினியக் கம்பெனி கெமிஸ்ட். அதாவது நோய் எதனாலன்னு தெரிஞ்சு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அடுத்தது பள்ளிக்கூடம். இங்க நடக்கற ஆராய்ச்சியைப் பார்த்தா 'இதுவா ஆராய்ச்சி?'ன்னு தோணும். வரிசையா பசங்களை நிக்க வச்சு, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து கிரேடு போடுவாங்க. டீன் குறியீடுன்னு ஒரு அளவுகோல் இருக்கு. நார்மல்ல ஆரம்பிச்சு கடுமை வரைக்கும் ஆறு படி. கூடவே அந்தப் பசங்க குடிக்கற தண்ணியில எவ்வளவு ஃப்ளோரைடுன்னு அளந்து, ரெண்டையும் மேப்ல வைப்பாங்க. நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வந்து இந்த மாதிரி மேப்பிங் பண்ணியிருக்காங்க.

இதுல ஒரு முக்கியமான விஷயம் வெளியே வருது. இந்தியத் தரக் குறியீட்டுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டு அளவும் 1.5-தான். ஆனா சித்திரை வெயில்ல காட்டு வேலை பார்க்கிறவங்க குடிக்கற தண்ணியும், குளிர் நாட்டுல ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவங்க குடிக்கற தண்ணியும் ஒண்ணா? லிட்டர் கூடினா உடம்புக்குள்ள போற ஃப்ளோரைடும் கூடும். நமக்கான வரம்பு அதை விடக் குறைவா இருக்கணும்னு சொல்ல, யாராவது இங்க வந்து எண்ணித்தான் ஆகணும்.

மூணாவது, வேதியியல். எனக்குப் பிடிச்ச பகுதி இது. காந்திகிராமத்து வேதியியல் துறை ரொம்ப வருஷமா ஃப்ளோரைடு நீக்கத்துல வேலை செய்யுது. பேராசிரியர் எஸ்.மீனாட்சியும் அவங்க குழுவும் 2008 வாக்குல வெளியிட்ட கட்டுரைகள் உலக அளவுல மேற்கோள் காட்டப்படுது. ஐடியா ரொம்ப அழகு. ஃப்ளோரைடு பல்லுல போய் ஒட்டுறது ஹைட்ராக்ஸிஅபடைட் இருக்கறதாலதானே? அதே பொருளை லேப்ல நானோ அளவுல செஞ்சு தண்ணியில போட்டா, பல்லுக்குப் போறதுக்கு முன்னாடியே அங்க போய் ஒட்டிக்கும். வெறும் தூளா போட்டா ஃபில்டர் அடைச்சுக்கும், தண்ணி இறங்காது. அதனால இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கற கைட்டின், கைட்டோசான்ல அதைச் சேர்த்தாங்க. டெஸ்ட்டுக்கு பக்கத்து கிராமத்துத் தண்ணியையும் எடுத்துட்டு வந்து பார்த்தாங்க.

டெவலப்பருங்க கிட்ட ஒரு பழைய ஜோக் உண்டு: 'என் லேப்டாப்ல ஓடுதே!' லேப்ல ஓடறது வேற, ஊர்ல ஓடறது வேற. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எண்கள் நானா எடுத்துக்கிட்டதுதான். தண்ணியில லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருக்கு, 1-க்கு இறக்கணும். அப்ப லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் பிடிக்கணும். ஒரு கிலோ பொருள் 1,500 மில்லிகிராம் பிடிக்கும்னு வச்சுக்கிட்டா, 1,000 லிட்டர். குடிக்க, சமைக்க ஒரு வீட்டுக்கு நாளைக்கு 20 லிட்டர்னா, 50 நாள்ல அது நிரம்பிடும். 51-வது நாள் தண்ணி அதே நிறம், அதே ருசி. ஃபில்டர் செத்துப் போச்சுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கு யார் சொல்றது? பழசை யார் கழுவி மறுபடி தயார் பண்றது? அதுக்கு யார் சம்பளம் கொடுக்கறது? எழுபதுகள்ல நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடிச்ச நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் போடறது, அதுக்கும் தினமும் அளந்து போட ஓர் ஆள் வேணும். கெமிஸ்ட்ரி பாதி வேலைதான். மீதி பஞ்சாயத்து.

இங்கதான் அந்தக் கிராமியப் பல்கலைக்கழக யோசனைக்கு அர்த்தம் வருது. காந்திகிராமத்துல மாணவர்கள் கிராமத்துல போய்த் தங்கி வேலை செய்யற திட்டம் படிப்போட ஒரு பகுதி. அப்படி வேலை நடக்க முடியும்னு காட்டின உதாரணமும் பக்கத்துலயே இருக்கு. 1959-ல ஆத்தூர் ஒன்றியத்துல (சேலம் ஆத்தூர் இல்ல, நம்ம திண்டுக்கல் ஆத்தூர்) காந்திகிராமம் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்குச்சு. குடும்பநலத்தை வீடு வீடா, ஊர்க்காரங்களை வச்சே கொண்டு போன அந்த அனுபவம் 'ஆத்தூர் அனுபவம்'ங்கற பேர்ல நூலாவே வந்துச்சு. மாத்திரையும் கருவியும் வேற எங்கேயும் இருந்ததுதான். புதுசா இருந்தது அதைக் கொண்டு போன விதம்.

இன்னொரு தண்ணிக் கதையையும் சொல்லியாகணும். ஃப்ளோரைடு பாறையோட வேலை. தோல் ஷாப் கழிவு மனுஷன் வேலை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமத்துல ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறா போய் எண்ணுச்சு. 467 கிணத்துல 350 கெட்டுப் போயிருந்தது, நாலுக்கு மூணு. வேலூர் பக்கம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஓர் ஆரம்பக்கட்ட சர்வே எடுத்துச்சு: தோல் தொழிற்சாலைப் பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாம போயிருந்தது. இந்த ரெண்டு எண்ணும் உச்ச நீதிமன்றத்தோட 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்புல இருக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. கெடுத்தவன்தான் காசு கொடுக்கணும்ங்கற கொள்கை இந்தியச் சட்டத்துல உறுதியானது அதுலதான். திண்டுக்கல் உட்பட அஞ்சு மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். அபராதத் தொகை சின்னதுதான், ஒத்துக்கறேன்.

என் பார்வையில கவனிக்க வேண்டியது: நானோ துகளும் இல்ல, பெரிய மெஷினும் இல்ல. நோட்டுப் புத்தகத்தோட போய்க் கிணத்தை எண்ணினாங்க. அது டெல்லி வரைக்கும் போச்சு. எண்ணறதை மட்டமா நினைக்கற பழக்கம் நம்ம இன்ஜினியரிங் கூட்டத்துக்கு ஜாஸ்தி. 'மாடல் எங்கே?'ன்னு கேப்போம். பல்லை எண்ணினவங்க இல்லைன்னா, அந்த நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்டை எந்த ஊருக்குக் கொண்டு போகணும்னே தெரியாது.

முடிக்கறதுக்கு முன்னாடி, ஊர்ல வீடு இருக்கறவங்களுக்கு. தண்ணியைக் காய்ச்சினா ஃப்ளோரைடு போகாது. ஆவியாகிறது தண்ணிதான், அதனால அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர்லயும் நிக்காது. ஆர்.ஓ.ல குறையும், ஆனா ஒரு பங்கு தண்ணி கழிவா வெளியே போகும், மறந்துடாதீங்க. காவிரி, வைகைக் குழாய்த் தண்ணி வர்ற தெருன்னா குடிக்க அதையும், துணி துவைக்க போர் தண்ணியையும் வச்சுக்கலாம். போர் தண்ணிதான் கதின்னா, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க. டி.டி.எஸ். மட்டும் பார்த்துட்டு 'நல்ல தண்ணி'ன்னு யாராவது சொன்னா, ஃப்ளோரைடு எவ்வளவுன்னு தனியா கேளுங்க. வீட்டுல எட்டு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தா இந்த வாரமே கேளுங்க.

அடுத்த எபிசோட்ல வேற ஊர், வேற விஷயம். வர்றேன்.