வாயில்லா உயிருக்கு ஊட்டுதல்

பசித்த வாய்க்கு உணவிடுதல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் அறமாகும். மலைபோன்ற வேழத்திற்கும் பாகன் கவளம் திரட்டித் தன் கையாலேயே ஊட்டுவான். இக்காட்சியைத் திருக்கோயில்களில் இன்றும் காணலாம். ஆயினும், நோயினால் உணவை வெறுத்த ஒரு சிற்றுயிருக்கு ஊட்டுதல், வேழத்திற்கு ஊட்டுதலினும் அரிய செயலாகும். அதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், குரோம்பேட்டை முதலிய இடங்களில் வெள்ளை முயலைச் செல்லமாக வளர்க்கும் இல்லங்கள் உண்டு. புதர்க்காடுகளில் திரியும் நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு, இவ்வீட்டுமுயல் வேறு. முன்னது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. பின்னது ஐரோப்பிய முயலின் வழித்தோன்றல். தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைக்குரிய சிஞ்சில்லா என்னும் மென்மயிர்ச் சிற்றுயிரும் பல்லின் வளர்ச்சியிலும் குடலின் இயல்பிலும் முயலை ஒத்தது. எனவே, முயலுக்குக் கூறும் பேணுமுறை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

முயலுக்கு 28 பற்கள் உள்ளன. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள்தோறும் புல்லை மென்று தேய்த்தாலன்றி அவை நீண்டு வளைந்து நாவையும் கன்னத்தையும் புண்படுத்தும். இதனாலும், சிறுநீர்ப்பையில் கல் தோன்றுவதாலும் சில வேளைகளில் அறுவை மருத்துவம் வேண்டியதாகிறது. 1903ஆம் ஆண்டு தோன்றிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்களில் பயின்ற மருத்துவர்கள் அதனைச் செய்கின்றனர். அறுவை இனிது முடிந்தது எனக் கேட்டதும் வளர்ப்போர் கவலை நீங்குகின்றனர். ஆனால், இடர் முற்றும் நீங்கிவிடவில்லை.

மனிதரையும் நாயையும் அறுவைக்கு முன் பட்டினி இடுவர். மயக்கத்தில் வாந்தி எடுத்தல் கூடாது என்பதே காரணம். முயலோ வாந்தி எடுக்க இயலாதது. அதற்கு நெடும்பட்டினி தீங்கே செய்யும். அதன் குடலில் பெரியதொரு பை உண்டு. அப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. உணவு வருவது நின்றால் குடலின் அசைவு தளரும், காற்று தேங்கும், வயிறு வலிக்கும், வலியால் உணவு மேலும் வெறுக்கும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் சிக்கிய முயல் விரைவில் மடிந்துவிடும். ஆதலின், அது 12 மணி நேரம் உண்ணாதிருந்தால் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். குடலில் அடைப்பு உண்டா என அவர் ஆராய்ந்து, வலிக்கு மருந்தளித்து, ஊட்டுமாறு கூறிய பின்னரே ஊட்டத் தொடங்குதல் வேண்டும்.

உலர்புல்லைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் குழைத்த கூழே ஏற்ற உணவு. முயலைத் துண்டால் சுற்றி, நாற்காலும் தரையில் படிய இயல்பாக அமர்த்துக. ஊசி நீக்கிய பீச்சுக்குழலை, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தின் வழியே, வாயின் பக்கத்திலிருந்து நுழைத்திடுக. ஒரு முறைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேற்படாமல் விடுத்து, அது மென்று விழுங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்தாலோ விரைந்து செலுத்தினாலோ கூழ் நுரையீரலுள் புகுந்து உயிரைப் போக்கும். ஒரு கிலோ எடையுள்ள முயலுக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை, நாளொன்றுக்கு நான்கைந்து முறை ஊட்டுதல் பொதுவான அளவு. எனினும், குறைவாகத் தொடங்கி மருத்துவர் சொற்படி கூட்டுதலே நன்று.

அறியா அன்பு இங்கே பகையாகும். பாலும் சோறும் ரொட்டியும் ஊட்டினால் குடல் கெடும். வீட்டிலுள்ள மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் அதனினும் கொடிது. மனிதர் உயிர் காக்கும் பென்சிலின் வகை மருந்து, வாய்வழிச் சென்றால் முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து நஞ்சாய் முடியும்.

நாள்தோறும் எடையை நிறுத்துக் குறித்தலும், புழுக்கையின் அளவை நோக்குதலும் பேணுவோரின் கடமை. புழுக்கை பெருகினால் குடல் விழித்தது எனலாம். இடையிடையே அறுகம்புல்லையும் கொத்தமல்லித் தழையையும் அருகே வைத்தல் வேண்டும். ஒருநாள் அது பீச்சுக்குழலை விலக்கித் தானே ஓர் இலையைப் பற்றிக் கடிக்கும். ஊட்டும் கை ஓய்வு பெறத்தக்க காலம் நெருங்கியது என்பதற்கு அதுவே அறிகுறி.

தன் வலியைச் சொல்ல வாயற்றது விலங்கு. அதன் குறிப்பறிந்து, இரவிலும் விழித்து, பொறுமையோடு துளித்துளியாய் ஊட்டுவோரே உயிரிரக்கம் என்னும் சொல்லின் பொருளை உணர்ந்தவர் ஆவர்.