பீரோவுக்குள் மழைக்காலம்

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவைத் திறந்தால் ஒரு முடை நாற்றம் வருவதை நீங்கள் அறிவீர்கள். மழை வெளியே பெய்ய, உள்ளே இருக்கும் சட்டையில் பூசணம் பூப்பது எப்படி?

பருத்தி நீரை விரும்பும் இழை. காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் உள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம். அது 65 விழுக்காடாக இருக்கும்போதே, ஒரு கிலோ உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 80 கிராம் நீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டரோ சுமார் 4 கிராம்தான். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூசணம் வளரும். கஞ்சி போட்ட வேட்டியும் வியர்வை படிந்த சட்டையும் அதற்கு நல்ல உணவு.

திணித்து வைத்த அடுக்கில் காற்று நகர்வதில்லை; புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. அந்துருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே துணிகளைக் குறைப்பதே முதல் மருந்து. புரட்டாசி வெயிலிலேயே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஓராண்டாக உடுத்தாதவற்றைத் தனியே பிரியுங்கள். மற்றவற்றை நன்கு உலர்த்தி, சூடு ஆறியபின், இடையே விரல் நுழையுமளவு இடம் விட்டு அடுக்குங்கள்.

பிரித்தவற்றை என்ன செய்வது? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோரத்தில் வந்து குவிந்த பழந்துணிகளில் ஏராளமானவை, உடுத்த இயலாதவையாகத் தெருவோரம் கிடந்தன. எனவே துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, வேண்டுவோரைக் கேட்டறிந்து கொடுங்கள். கிழிந்தது கரித்துணியாகட்டும். பூசணம் பிடிக்கும்வரை வைத்திருந்து கொடுப்பது கொடையன்று.