லினக்ஸில் கேம் திணறுகிறதா? புது லேப்டாப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் அல்லது அதற்குப் பின் வந்தவற்றையே ஏற்கும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று பதிந்து கொண்ட வீடுகள் பல. பிரவுசர், கடிதம், கணக்கு, சினிமா எல்லாம் சுகமாக ஓடுகின்றன. பிள்ளைகள் ஒரு கேமைத் திறக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. படம் விட்டு விட்டு நகர்கிறது. பேன் அலறுகிறது. "லினக்ஸில் கேம் ஓடாது, வேறு லேப்டாப் வாங்குங்கள்" என்று யாராவது தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்யுங்கள். நான் பார்த்த வரையில், கோளாறு பாதி நேரம் செட்டிங்கில் இருக்கிறது. மீதிப் பாதி நேரம் மெமரியில் இருக்கிறது. இரண்டையும் சரி செய்ய ஒரு லேப்டாப் விலை தேவையில்லை.

தனி கார்டும் உள்ளே இருக்கும் கிராபிக்ஸும்

தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே வேகமான மெமரி இருக்கும். இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் என்பது பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் பகுதி. அதற்குச் சொந்த மெமரி கிடையாது. பிராசசர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பயன்படுத்த வேண்டும். ஒரே தெருக்குழாயில் இரண்டு வீட்டார் குடம் வைத்துப் பிடிப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது? 2133 வேகம் கொண்ட டிடிஆர்4 ரேம் ஒன்று மட்டும் இருந்தால், நொடிக்கு சுமார் 17 ஜிபி தகவல் போய் வரும். இரண்டு ரேம் இரண்டு சேனலில் இருந்தால் 34 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற சாதாரண கார்டில் இது 112 ஜிபி. கேம் திணறுவதற்கு முதல் காரணம் இந்த வித்தியாசம்தான். இதில் லினக்ஸின் தவறு எதுவும் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி, வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக். கையடக்கமான இந்தக் கேம் கருவியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். கிராபிக்ஸ், ஏஎம்டி பிராசசருக்குள் இருக்கும் இன்டகிரேட்டட் வகை. ஆனாலும் பெரிய கேம்கள் அதில் ஓடுகின்றன. எப்படி? முதல் மாடலிலேயே மெமரி நொடிக்கு 88 ஜிபி தரும்படி அமைத்தார்கள். திரையை 1280×800 என்று சிறியதாக வைத்தார்கள். டிரைவரைச் சரியாகப் பொருத்தி அனுப்பினார்கள். டிரைவர், மெமரி, திரையின் புள்ளிகள் ஆகிய இந்த மூன்றையும் நம் வீட்டு லேப்டாப்பிலும் வரிசையாகப் பார்க்கலாம்.

சோதனை 1: படத்தை யார் வரைகிறார்?

லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ்களுக்கு டிரைவரைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாதி கெர்னலில் இருக்கிறது. மறு பாதி மெசா என்ற தொகுப்பில் இருக்கிறது. பிரையன் பால் என்பவர் 1993-இல் எழுதத் தொடங்கிய மெசா, இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் பதிப்புகளோடும் சேர்ந்தே வருகிறது.

மெசாவில் ஒரு மாற்று ஏற்பாடும் உண்டு. கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த முடியாமல் போனால், படம் வரையும் வேலையைப் பிராசசரே செய்து விடும். இந்த மென்பொருளின் பெயர் எல்எல்விஎம்பைப். டெஸ்க்டாப் வழக்கம் போலத் தெரிவதால் நமக்குச் சந்தேகமே வராது. கேம் திறந்ததும்தான் குட்டு வெளிப்படும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மெசா-யுடில்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்போ என்று சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் பெரிய பி எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். வரும் விவரங்களில் ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். மெசா இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 620 என்பது போல உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது.

பழைய கட்டுரைகளில் டைரக்ட் ரெண்டரிங் எஸ் என்று வந்தால் போதும் என்று எழுதியிருப்பார்கள். இன்று அதை நம்ப வேண்டாம். எல்எல்விஎம்பைப் ஓடும்போதும் அது எஸ் என்றே காட்டலாம். ஆக்சலரேட்டட் என்ற வரி எஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படி ஆவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது நோமோட்செட் என்ற ஒரு சொல். லினக்ஸ் பதியும்போது திரை கறுத்துப் போனால் இந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். அப்போதைக்கு அது உதவும். ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறாமல் தடுப்பதே அதன் வேலை. வேலை முடிந்தபின் அதை எடுக்காவிட்டால் கேம் என்றுமே ஓடாது.

என் சித்தி மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஐ5-7200யு பிராசசர், ஒரே 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற இலவச கார் ரேஸ் கூட ஓடவில்லை. கடையில் காட்டினார்கள். லேப்டாப் பழசு, மாற்றி விடுங்கள் என்று பதில். சித்தப்பா பாங்கில் போட்டிருந்த ஆர்டியை முடித்துப் பணம் எடுக்கத் தயாராகி விட்டார். நான் போனில் அந்த ரெண்டரர் வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். "எல்எல்விஎம்பைப்னு வருதுண்ணா" என்றான். லினக்ஸ் பதிந்த அன்று நண்பன் சேர்த்த நோமோட்செட் அப்படியே இருந்தது. அதை நீக்கியதும் அன்றைக்கே ரேஸ் ஓடியது. ஆர்டி தப்பியது.

நீக்கும் முன் ஒரு முறை சோதித்து விடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கிரப் மெனு வரும்போது இ விசையை அழுத்துங்கள். மெனு வரவில்லை என்றால் தொடக்கத்தில் எஸ்கேப் அல்லது ஷிப்ட் விசையை அழுத்திப் பாருங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் நோமோட்செட் இருந்தால் அழித்துவிட்டு எப்10 தட்டுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். திரை கறுத்தால் பயப்பட வேண்டாம். மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும். படம் சரியாக வந்தால் மட்டும், இடிசி போல்டரில் டிபால்ட் என்ற போல்டருக்குள் இருக்கும் கிரப் பைலில் அந்தச் சொல்லை நீக்குங்கள். பின் சூடோ அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுங்கள். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் இதுவே வழி.

சோதனை 2: ரேம் ஒன்றா, இரண்டா?

சிப் சரியாக வேலை செய்தும் கேம் மந்தமாக இருந்தால் அடுத்து ரேமைப் பாருங்கள். லேப்டாப் கம்பெனிகள் ஒரே ரேமைப் போட்டு இன்னொரு சிலாட்டைக் காலியாக விடுவது வழக்கம். சூடோ டிஎம்ஐடிகோட் கட்டளையோடு மெமரி விவரம் கேட்டால், எத்தனை சிலாட், எதில் எந்த ரேம், என்ன வேகம் என்று காட்டும். காலியான சிலாட்டில் மெமரி மாட்யூல் இல்லை என்று வரும்.

காலி சிலாட் இருந்தால், அதே வகை, அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு ரேம் போடுங்கள். தெருவில் இரண்டாவது குழாய் போட்டது போல. 16 ஜிபி ஒரே ரேமை விட இரண்டு 8 ஜிபி ரேம்கள் இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு நல்லது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி இல்லாமல் போகலாம். வாங்கும் முன் மாடல் விவரத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

பயாஸில் கிராபிக்ஸ் மெமரியைக் கூட்டினால் வேகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். இன்டெல் சிப்பில் லினக்ஸ் டிரைவர் தேவைக்கேற்ப ரேமைத் தானே எடுத்துக் கொள்ளும். குடத்தைப் பெரிதாக்கினால் குழாயின் வேகம் கூடாது அல்லவா?

சோதனை 3: புள்ளிகளைக் குறையுங்கள்

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1280×720-இல் 9,21,600. அதாவது பாதிக்கும் கீழே. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், பெரிய திரையை நொடிக்கு 60 முறை ஒரே ஒரு தடவை எழுதவே சுமார் 500 எம்பி வேண்டும். கேமில் ஒரே புள்ளியை நிழல், ஒளி, புகை என்று பல தடவை தொட வேண்டியிருக்கும். டெக்ஸ்சர்களைப் படிப்பது தனி. எனவே கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை 1280×720 ஆக்குங்கள். ஷேடோ, ஆன்டி அலையாசிங் இரண்டையும் நிறுத்துங்கள்.

இது ஒரு சோதனையும் கூட. நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்று திரையிலேயே காட்டும் மேங்கோஹட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொள்ளுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்ததும் எண் ஏறினால் தடை கிராபிக்ஸில் இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் தடை பிராசசரில். 0 ஏ.டி. போன்ற போர் விளையாட்டுகளில் வீரர்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இப்படித்தான் ஆகும். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அங்கே மருந்து.

ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற பல்சக்கரப் படத்தை ஓட்டி வேகம் பார்க்க வேண்டாம். பல கணினிகளில் அது திரையின் வேகத்தோடு கட்டுப்பட்டு 60 என்றே காட்டும். கேமைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சூடும் மின்சாரமும்

முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மந்தமானால் சூடுதான் காரணம். ஐ5-7200யு போன்ற சிப்புகளுக்கு வரையறுத்த மின்சாரம் 15 வாட். அதைப் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட வேண்டும். பிராசசரை எப்போதும் பெர்பார்மன்ஸ் நிலையில் வைக்கச் சொல்லும் ஆலோசனை இங்கே சில சமயம் எதிராக முடியும். பிராசசர் கூடுதலாக இழுத்தால் கிராபிக்ஸின் பங்கு குறையும். பெரல் இன்டராக்டிவ் 2018-இல் வெளியிட்ட கேம்மோட் மென்பொருளில் இதற்காகவே ஒரு தனி ஏற்பாடு உண்டு.

பேனில் சேர்ந்த தூசியைத் துடையுங்கள். சார்ஜரில் போட்டு விளையாடுங்கள். பிரேம் எண்ணிக்கையை 30 அல்லது 40 என்று கட்டி வையுங்கள். 60-க்கும் 20-க்கும் இடையே ஆடுவதை விட, நிலையான 30 கண்ணுக்கு இதமாக இருக்கும்.

விண்டோஸ் கேம்கள்

2018 ஆகஸ்டில் ஸ்டீமில் வந்த ப்ரோட்டான் மூலம் பல விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுகின்றன. கேம் கேட்கும் டைரக்ட்3டி கட்டளைகளை, அதிலுள்ள டிஎக்ஸ்விகே என்ற பகுதி வல்கனுக்கு மாற்றித் தருகிறது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். 4-ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகளில் வல்கன் ஆதரவு முழுமையாக இல்லை. அத்தகைய லேப்டாப் என்றால், ஸ்டீமில் அந்தக் கேமின் பிராப்பர்டீஸ் சென்று கம்பாடிபிலிட்டி பகுதியில் ப்ரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய கேம்களுக்கு இது உதவக் கூடும்.

புதிய கேமை முதன்முறை திறக்கும்போது மட்டும் விட்டு விட்டு ஓடினால் அவசரப்பட வேண்டாம். ஷேடர் எனப்படும் சிறு நிரல்களைச் சிப்புக்கு ஏற்ப மாற்றும் வேலை அப்போது நடக்கிறது. அடுத்த முறை குறையும். வாலரன்ட் போன்ற சில கேம்கள் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடாது. அதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டும் தீர்வல்ல.

எப்போது வாங்கலாம்?

சிப் வேலை செய்கிறது, ரேம் இரண்டு இருக்கிறது, 1280×720-இல் எல்லாம் குறைந்த செட்டிங். அப்படியும் நீங்கள் விரும்பும் கேம் ஓடவில்லையா? அப்போது அந்தக் கேம் உங்கள் சிப்பின் சக்திக்கு மேற்பட்டது. டெஸ்க்டாப் என்றால் ஒரு தனி கார்டு போதும். லேப்டாப் என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்படி வாங்கும்போதும் பிராசசர் பெயரோடு நின்று விடாதீர்கள். ரேம் எத்தனை சேனலில் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தபின் பணம் கொடுங்கள்.