இலவச குக்கருக்கு விலை கொடுத்தது யார்?

"பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு மத்தியான வேளையில் தெருவில் வருவாரே, அவரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இத்தனை அடுக்குமாடிக் கட்டடங்கள் முளைக்காத நாளில் வாரம் ஒரு முறையாவது வருவார். அம்மா இரண்டு பழைய பட்டுப்புடவை, அப்பாவின் நாலு பேன்ட் எல்லாவற்றையும் போட்டு, ஒரு மணி நேரம் பேரம் பேசி, ஒரு சம்புடம் வாங்குவாள். அது இலவசம் என்று அம்மா ஒரு நாளும் நினைத்ததில்லை. "ஜரிகையை உருக்கிக் காசு பண்ணிடுவான், அதான் சம்புடம் தர்றான்" என்று சொல்லிக்கொண்டேதான் வாங்குவாள்.

அந்த அம்மாவுக்குப் பிறந்த நான், போன வருஷம் ஆடி மாதம் ஒரு ஐந்து லிட்டர் குக்கருக்கு ஆசைப்பட்டு அசடானேன்.

சாயங்காலம், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. கையில் செல்போன். சமையல் வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவே ஒரு விளம்பரம். "வாழ்த்துகள்! உங்களுக்கு ஸ்டீல் குக்கர் இலவசம்!" தொட்டேன். பெயர் கேட்டது, போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, மாத வருமானம் எவ்வளவு, கடன் உண்டா... நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்! குக்கர் நினைப்பில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன்.

5,000 புள்ளி சேர்ந்தால் குக்கர். ஒரு ஆப்பை இறக்கிப் பதிவு செய்தால் 200 புள்ளி. ஒரு கேள்வித்தாள் நிரப்பினால் 100. ஐந்து தோழிகளின் போன் நம்பரைக் கொடுத்தால் ஒரேயடியாக 1,000! என் அக்கா, மார்கழிக் கோலப் போட்டியில் பழக்கமான இரண்டு பேர், மகளின் பள்ளித் தோழியின் அம்மா, எங்கள் மாடி வீட்டு அக்கா என்று ஐந்து பேரைக் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் 4,600 புள்ளி வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு புள்ளி நகரவில்லை. மிச்சம் இருந்த வேலைகள் எல்லாம் வேறு மாதிரி. கிரெடிட் கார்டு வாங்க வேண்டும், அல்லது காசு கட்டி ஏதாவது சந்தா சேர வேண்டும். "போகட்டும்" என்று விட்டுவிட்டேன். ஆனால் போன் விடவில்லை. கடன் வேண்டுமா, செங்கல்பட்டுப் பக்கம் மனை வேண்டுமா என்று காலை எட்டு மணியிலிருந்து அழைப்பு. என் கணவர், "உனக்கு மட்டும் இவ்வளவு சிநேகிதர்கள் எப்படி?" என்று கிண்டல் வேறு.

கிண்டலோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாடி வீட்டு அக்கா புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்துகிறவர். அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. என் பெயரைப் போட்டு, "உங்கள் தோழி உங்களைப் பரிந்துரைத்திருக்கிறார், உங்கள் பரிசு தயார்" என்று. கூரியர் செலவு என்று முதலில் 149 ரூபாய், பிறகு வரி என்று 1,700 ரூபாய் கட்டியிருக்கிறார். அதோடு ஏதோ ஒரு பட்டனை அழுத்தியதில் மாதம் 199 ரூபாய் தானாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு மாதம் என்னிடம் வாயே திறக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் மூன்றாம் முறை 199 கழிந்ததைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கி வந்தார்.

"உன் பேரு இருந்துச்சேம்மா. நீ அனுப்பினதுன்னுதானே நம்பினேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் என் கொழுந்தனார் வந்திருந்தார். விளம்பரக் கம்பெனியில் வேலை. "குக்கரையும் தராம, எங்கிட்ட காசும் வாங்காம, அவனுக்கு என்னப்பா லாபம்?" என்று கேட்டேன்.

"உங்களை வித்துட்டான் அண்ணி" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். புதிதாக ஒரு ஆப் ஆரம்பிக்கிறவர், கடன் கொடுக்கிறவர், இன்ஷூரன்ஸ் விற்கிறவர், எல்லாருக்கும் ஆள் வேண்டும். "ஒருத்தரைப் பதிவு செய்ய வைத்தால் இவ்வளவு" என்று பரிசுத் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறார்கள். பேச்சுக்கு, தலைக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் பன்னிரண்டு இடத்தில் பதிவு செய்தேன். 720 ரூபாய் அவனுக்கு வந்தாயிற்று. ஆனால் 5,000 புள்ளி ஆகவில்லை என்பதால் எனக்குப் பத்துப் பைசா தர வேண்டியதில்லை. என்னைப் போல நூறு பேர் பாதியில் விட்டால் 72,000 ரூபாய். கடைசி வரை முட்டி மோதிப் போகிற நாலு பேருக்கு நிஜமாகவே குக்கர் வாங்கி அனுப்பினாலும் லாபம்தான். பாதியில் நிற்பவர்கள்தான் அவர்களுடைய முதல். அதனால்தான் 4,600 வரை வழுக்கிக்கொண்டு போகிறது, பிறகு ஏற்றம்.

"அந்த அஞ்சு நம்பர்?"

"அது தனி வியாபாரம். முன்பின் தெரியாத விளம்பரத்தை யாரும் நம்ப மாட்டாங்க. உங்க பேரு இருந்தா நம்புவாங்க. உங்க பேருக்குத்தான் அண்ணி விலை."

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2004இல் அமெரிக்காவில் வாஷிங்டனைச் சேர்ந்த கிரேட்டிஸ் இன்டர்நெட் என்ற கம்பெனி, ஐபாட் என்ற பாட்டுப் பெட்டி இலவசம் என்று தளம் நடத்தியது. ஏதாவது ஒரு விளம்பரதாரரிடம் நாம் சேர வேண்டும், ஐந்து தோழர்களையும் அதேபோலச் சேர்க்க வேண்டும். (அங்கேயும் ஐந்துதான்!) சொன்னபடி செய்தவர்களுக்கு ஐபாட் வரவும் செய்தது. ஆனால் "உங்கள் விவரங்களை யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கானவர்களின் விவரங்களை விற்றார்கள் என்று 2006இல் நியூயார்க் மாநில அரசு வழக்குப் போட்டது. அந்த விவரங்களை வாங்கிய டேட்ரன் மீடியா என்ற கம்பெனி 11 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2008இல் வேல்யூகிளிக் என்ற இன்னொரு கம்பெனி 29 லட்சம் டாலர் கட்டியது. "இலவசப் பரிசு" என்று கூப்பிட்டுவிட்டு, அதை வாங்க நாமே காசு செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்பது அதன் மேல் இருந்த புகார்களில் ஒன்று.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய மீன்கள் உண்டு. அவை நம்மிடமே முதலில் காசு வாங்குகின்றன. 2010, 2011இல் ஸ்பீக் ஏசியா என்று ஒன்று வந்தது. 11,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தால் வாரம் இரண்டு கருத்துக்கணிப்பு. வீட்டிலிருந்தே நிரப்பலாம், ஒன்றுக்கு 500 ரூபாய். வருஷத்துக்கு 52,000 ரூபாய்! கணக்கைப் பாருங்கள். நாம் எந்த சோப்புப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ள எந்தக் கம்பெனி அவ்வளவு கொடுக்கும்? புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணம்தான் பழையவருக்குப் போகிறது என்று புகார் எழுந்தது. 2011இல் பணம் வருவது நின்றது, பிறகு கைதுகளும் நடந்தன.

கோயம்புத்தூரில் விளம்பர வீடியோ பார்த்தால் தினமும் பணம் என்று மைவி3 ஆட்ஸ் நிறுவனம் நடத்திய திட்டத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 360 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துக்கு மேல் வரை பல படிகளில் உறுப்பினர் கட்டணம். போலீஸ் வழக்குப் பதிவு செய்தபோது, 2024 ஜனவரி 29 அன்று நிறுவனத்துக்கு ஆதரவாக நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மோசடி இல்லை என்று நிறுவனம் மறுத்தது. அது கோர்ட்டு பார்க்க வேண்டிய விஷயம். என் மனதில் நின்றது அந்தக் கூட்டம்தான். போலீஸ் மேல் கோபப்படுகிற அளவுக்கு நம்பிக்கை எப்படி வந்தது? தெரிந்தவர் சொல்லிச் சேர்ந்தவர்கள், தாங்களும் நாலு பேரைச் சேர்த்துவிட்டவர்கள். திட்டம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் அந்த நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? மாடி வீட்டுப் படிக்கட்டில் கால் வைக்கக் கூசிய எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978லேயே மத்திய அரசு தடை போட்டது. நம் மாநிலத்தில் 1979இல் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் வந்தது. பொருள் வாங்கினால் குலுக்கலில் கார் என்று ஆசை காட்டி விற்பது இங்கே கூடாது. அகில இந்தியப் போட்டி விளம்பரங்களில் அடியில் பொடி எழுத்தில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று போடுகிறார்களே, அது இதனால்தான். சின்ன வயதில் அதைப் பார்த்து, நம் ஊரை ஒதுக்குகிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்!

எல்லாத் தளமும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் வாங்கும் பொருளுக்குக் கடைக்காரர் தரும் கமிஷனில் ஒரு பங்கை நமக்குத் திருப்பித் தரும் 'கேஷ்பேக்' தளங்கள் உண்டு. காசு எங்கிருந்து வருகிறது என்பது அங்கே தெரிகிறது. ஆனால் திருப்பிக் கிடைக்கும் ஐம்பது ரூபாய்க்காக, தேவையில்லாத ஆயிரம் ரூபாய்ச் சாமான் வாங்கினால் அதற்குத் தளம் என்ன செய்யும்?

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். கொழுந்தனார் முதலில் அவருடைய போனை வாங்கி, பணம் அனுப்பும் ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்தைத் திறந்தார். அங்கே அந்த 199 ரூபாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ரத்து செய்தார். ஒவ்வொரு முறையும் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அக்காவுக்கும் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில்! நூறு விளம்பரச் செய்திக்கு நடுவில் அவர் பார்க்கவில்லை. உங்கள் போனிலும் இன்றைக்கே அந்த 'ஆட்டோபே'யைத் திறந்து பார்த்துவிடுங்கள். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909க்குப் போன் செய்து பதிவு செய்தோம். எனக்கு அழைப்புகள் பாதியாகக் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை.

பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். பணம் போன உடனே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே சொன்னால் போகிற வழியில் அதை முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் சொன்னபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. புகாரைப் பதிந்துகொண்டார்கள், பணம் வரவில்லை. மறைமுகச் சந்தா, ஏமாற்று விளம்பரம் போன்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நைசாகச் சந்தாவில் மாட்டிவிடுவதற்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்திருக்கிறது.

அக்கா இழந்தது 2,446 ரூபாய். எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும் அதற்கு! என் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வாங்க மறுத்தார். கடைசியில், "தீபாவளிக்கு உன் வீட்டு ரவிக்கையெல்லாம் என்கிட்டயே கொடுத்துடு, அதுல கழிச்சுக்கலாம்" என்றார். அந்தத் தீபாவளிக்கு எனக்கும் என் இரண்டு நாத்தனார்களுக்குமாகப் பதினொரு ரவிக்கை ஆயிற்று. நம்பர் கொடுத்த மற்ற நாலு பேருக்கும் நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

குக்கரை மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பாத்திரக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். கணக்கை மூடச் சொல்லி அந்தத் தளத்துக்கு மூன்று முறை எழுதியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வருகிறது: "இன்னும் 400 புள்ளிகள் மட்டுமே!"